கழல மறுக்கும் ஸ்பார்க் பிளக்: குமரி மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

தக்கலை பக்கம் வீட்டு முற்றத்தில் வைத்து, சொந்தக் காரின் சில்லறை வேலைகளை நானே பார்த்து வருகிறேன். பதினான்கு வருடம் ஆகிவிட்டது. ஆயில் மாற்றுவதும் ஏர் ஃபில்டர் மாற்றுவதும் யாருக்கும் பெரிய சிக்கல் தருவதில்லை. எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கை மாற்ற உட்காரும்போதுதான் எனக்குப் போன் வரும்: "அண்ணே, கழல மாட்டேங்குது." சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தவரும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிளக் ஏன் இப்படி இறுகிப் பிடித்துக்கொள்கிறது?

பிளக்கின் உடம்பு இரும்பு. அது உட்காரும் சிலிண்டர் ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி), இன்று ஓடும் கார்களில் பெரும்பாலும் அலுமினியம். இந்த இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு கலந்த ஈரம் புகுந்தால், அங்கே ஒரு குட்டி பேட்டரி உருவான மாதிரிதான். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகிறது. அந்தப் பொடிக்கு, அரிபடும் முன் இருந்த உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். பிளக்கின் திருகு மரைகளுக்கு நடுவில் இடம் ஏது? ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும்.

மேலே இருந்து வருவது இந்தத் துரு. கீழே இருந்து வருவது கரி. பிளக்கின் கடைசி மரைகள் எரியறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அவற்றின் மேல் கரி கெட்டியாகப் படியும். கழற்றும்போது அந்தக் கரி ஹெட்டின் மரைக்குள் வந்து சிக்கும்.

மூன்றாவது காரணம், கடைசியாகப் பிளக்கைப் போட்ட கை. நான் பார்த்த இறுக்கங்களில் அதிகமும் இதுதான். 'கழன்று விழுந்துவிடக் கூடாதே' என்று ஒரு இழு அதிகமாக இழுத்திருப்பார்கள்.

கடற்கரை ஊர்களில் இது அதிகமா?

ஆமாம். முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை வேகத்தில் துருப்பிடிக்கிறது என்று பாருங்கள். அதே காற்றுதான் பானெட்டுக்குள்ளும் போகிறது. நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை ஈரம் முழுதாகக் காய்வதற்கு இடைவெளி குறைவு. ஆரல்வாய்மொழி பக்கம் தொல்லை வேறு மாதிரி. காற்றாலை சுற்றுகிற அந்தக் காற்று புழுதியைக் கொண்டுவந்து, பிளக் இறங்கி உட்காரும் குழிக்குள் நிரப்பும். தென்னை மரத்தடியில் நிறுத்தும் காரில் காய்ந்த தென்னம்பூ குழிக்குள் கிடந்து, மழைத் தண்ணீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இதைவிட முக்கியமான ஒன்று. தினமும் ஓடும் காரில் எஞ்சின் சூடு ஈரத்தைக் காய வைத்துவிடும். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலையில் இருக்க, வருடத்தில் பதினோரு மாதம் ஷெட்டிலேயே நிற்கும் கார்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ. அப்படி நின்ற கார்களில்தான் மிக மோசமாகப் பிடித்த பிளக்குகளைக் கண்டிருக்கிறேன். கிலோமீட்டர் பார்த்தால் குறைவு, பிளக் மட்டும் கல்லாக இருக்கும்.

வேலை தொடங்கும் முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி நிறுத்திய காரைக் காலையில் தொடுவது நல்லது. சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள்.

பிளக் ஸ்பேனர் அளவு மூன்று வகை: பழைய கார்களுக்கு 21 மி.மீ., இப்போது பெரும்பாலும் 16 மி.மீ., சில புது எஞ்சின்களுக்கு 14 மி.மீ. உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ள நல்ல சாக்கெட்டாக வாங்குங்கள். ஆறு மூலை உள்ள பிளக்குக்கு ஆறு மூலை சாக்கெட். 14 மி.மீ. பிளக்கில் சிலவற்றுக்குப் பன்னிரண்டு மூலை வரும், அதற்கு அதே சாக்கெட். அளவு தெரியாமல் கடைக்குப் போனால் தவறானதைத் தந்துவிடுவார்கள்.

பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 'காயில்' அதற்கு நேர் மேலேயே உட்காரும் வண்டி என்றால், முதலில் கனெக்டரின் பூட்டை அழுத்தி எடுங்கள். பிறகு ஒற்றை போல்ட்டைக் கழற்றி, காயிலை லேசாகத் திருகித் திருகி மேலே இழுக்க வேண்டும். வயர் வரும் பழைய வண்டி என்றால் ரப்பர் தொப்பியைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து அல்ல. எந்த வயர் எந்தச் சிலிண்டருக்கு என்று பேப்பர் ஒட்டி எழுதிவிடுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டால் குழப்பமே வராது.

அடுத்த வேலையை யாரும் செய்வதில்லை, ஆனால் கட்டாயம் செய்ய வேண்டும். சாக்கெட் போடும் முன் குழியைச் சுத்தம் செய்யுங்கள். சைக்கிள் பம்பு போதும், கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள். அங்கே கிடக்கும் ஒரு மணல் துகள், பிளக் கழன்ற நொடியில் நேராகச் சிலிண்டருக்குள் விழும். மணவாளக்குறிச்சி கடற்கரையின் கறுப்பு மணல் தாது மணல், கடினமானது. அது பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

"அண்ணே, ஸ்பேனர் போட்டு இழுத்தேன், அசையவே இல்லை. இப்ப என்ன செய்ய?"

முதலில் கையை எடுங்கள். ஒரு சாயா குடித்துவிட்டு வந்து கவனியுங்கள்.

இடப்பக்கம், கடிகாரம் சுற்றுவதற்கு எதிராகத்தான் திருப்புகிறீர்களா? சிரிக்க வேண்டாம். வண்டியின் பக்கவாட்டில் குனிந்து, கையைத் தலைகீழாக உள்ளே விட்டு வேலை செய்யும்போது எவ்வளவு பழகியவருக்கும் திசை தடுமாறும். பிளக்கை மேலே இருந்து பார்ப்பதாக நினைத்துத் திசையைச் சொல்லிப் பாருங்கள்.

சாக்கெட் முழுக்க இறங்கியிருக்கிறதா, கோணலாக நிற்கவில்லையே என்று பாருங்கள். சாக்கெட்டையும் கைப்பிடியையும் இணைக்கும் நீளக் கம்பியான எக்ஸ்டென்ஷன் பிளக்கோடு நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு கை எக்ஸ்டென்ஷனின் தலையை அழுத்திப் பிடித்து நேராக்கி வைக்க, மறு கை கைப்பிடியை இழுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் உள்ளே இருக்கும் பீங்கான் வளையத் தெரியாது, உடையும்.

எல்லாம் சரி, அப்படியும் அசையவில்லை. அப்போது துருவை இளக்கும் ஸ்பிரேயைப் பிளக்கின் அடிவிளிம்பைச் சுற்றிக் கொஞ்சமாக விடுங்கள். குழி நிரம்பும் அளவுக்கு வேண்டாம். சாயங்காலம் ஒரு முறை, ராத்திரி படுக்கும் முன் ஒரு முறை, மறுநாள் காலை பார்ப்பது. அவசரம் இல்லை என்றால் இரண்டு ராத்திரி விடுங்கள். எண்ணெய் மரைக்குள் இறங்குவதற்கு நேரம்தான் வேண்டும், பலம் இல்லை.

காலையில் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு தட்டிப் பாருங்கள். அப்புறம் கழற்றும் பக்கம். சாக்கெட்டின் மேல் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டு, அதற்கு நேராக ஹெட்டிலும் ஒரு கோடு போடுங்கள். இந்தக் கோடு நிறையக் காப்பாற்றியிருக்கிறது. கைப்பிடி நகர்ந்த மாதிரி இருக்கும். கையை விட்டதும் ரப்பர் மாதிரி பழைய இடத்துக்கே வந்தால், பிளக் கழலவில்லை, முறுகுகிறது. நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் விடுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம், கோடு நகர்ந்த இடத்திலேயே நிற்கிறது என்றால் விட்டுக்கொடுத்துவிட்டது. அப்போதும் சந்தோஷத்தில் சுற்றி எடுத்துவிடாதீர்கள். கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று. துருப்பிடித்த பூட்டில் சாவியை ஆட்டி ஆட்டித் திறப்பது போலத்தான்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது கழற்றினால் லேசாக வருமா?

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆகவே ஓட்டை கொஞ்சம் அகலும், பிடி தளரும். ஆனால் சூட்டில் அலுமினிய மரை மெத்தென்று ஆகி, பிளக்கோடு உரிந்து வரும் ஆபத்தும் அதிகம். பிளக் செய்கிறவர்கள் ஆறிய எஞ்சினில் கழற்றச் சொல்வது இதனால்தான்.

என் வழக்கம்: இரண்டு ராத்திரி எண்ணெயும் பலிக்கவில்லை என்றால் மட்டும், வழிந்த எண்ணெயை நன்றாகத் துடைத்து, காயிலையும் வயரையும் திரும்ப மாட்டி, எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டுவேன். ஹெட்டில் கையை வைத்துத் தாங்கக்கூடிய வெதுவெதுப்பு போதும். சுட்டுக்கொள்ளும் அளவு சூடு வேண்டாம். சூடான எஞ்சின் மேல் ஸ்பிரே அடிக்கவே கூடாது, அது தீப்பிடிக்கும் பொருள். பக்கத்தில்தான் எக்ஸாஸ்ட் குழாய் இருக்கிறது. வெல்டிங் டார்ச், அடுப்பு லைட்டர் என்று எந்தத் தீயையும் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா? வீட்டில் அதுதான் இருக்கிறது.

வேண்டாம். கனமான எண்ணெய், மரைக்குள் ஊர்ந்து இறங்காது, சூட்டில் பிசினாகும். எஞ்சின் ஆயிலும் அப்படித்தான். டபிள்யூடி-40 எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், லேசான பிடிக்கு அது போதும். அதன் பெயரே ஈரத்தை விரட்டுவதற்கான நாற்பதாவது முயற்சி என்பதைத்தான் குறிக்கிறது. துருவுக்குள் ஊடுருவவென்றே தனியாக வரும் ஸ்பிரேகள் கெட்டியான பிடிக்கு இன்னும் நன்றாக வேலை செய்யும். ஒன்றும் கிடைக்காத நேரத்தில் டீசல் சில சொட்டு விட்டிருக்கிறேன், தாமதமாகும், ஆனால் இறங்கும்.

ஸ்பேனரில் நீளமான பைப் மாட்டி இழுத்தால் வந்துவிடாதா?

வரும். என்ன வரும் என்பதுதான் கேள்வி. ஒரு கணக்குப் பாருங்கள். 14 மி.மீ. மரை (இது மரையின் விட்டம், ஸ்பேனர் அளவு அல்ல) உள்ள பிளக்கை அலுமினிய ஹெட்டில் இறுக்க வேண்டிய திருகு விசை 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வரும் பலம் ஏறத்தாழ 25. அவ்வளவுதான். அதே இடத்தில் ஒரு மீட்டர் பைப் மாட்டி முப்பது கிலோ பலத்தில் அமுக்கினால் ஏறத்தாழ 300. அதாவது பத்து மடங்கு.

2012-இல் நான் இதைச் செய்தேன். வாங்கிய பழைய வண்டி, மூன்று சிலிண்டர். முந்தைய பிளக்குகளை ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெறிபிடித்த மாதிரி இறுக்கியிருந்தார்கள். இரண்டு வந்தது, மூன்றாவது வரவில்லை. கிணற்றடியில் கிடந்த ஜி.ஐ. பைப்பை எடுத்து மாட்டினேன். இழுத்தபோது லேசாகச் சுற்ற ஆரம்பித்தது. "வந்துட்டு" என்று மைனியிடம் கத்திச் சொன்னேன். கையில் வந்த பிளக்கின் மரையில் வெள்ளிக் கம்பி ஒன்று முறுக்குப்போல் சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் என்ன என்று புரியவில்லை. நகத்தால் இழுத்தேன், சுருள் சுருளாக வந்தது. அது ஹெட்டின் மரை. ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் வழவழவென்று இருந்தது. சில நூறு ரூபாய்ப் பிளக்குக்காக ஹெட்டைக் கழற்றி, லேத்துக்குக் கொண்டுபோய், பேக்கிங் மாற்றி, மூன்று வாரம் பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.

அந்தப் பைப் இப்போதும் வீட்டில் இருக்கிறது. கொடிக்கம்பிக்குக் காலாக நட்டுவிட்டேன்.

பாதி கழன்ற பிறகு மறுபடி இறுகுகிறது. தொடரலாமா?

தொடரக் கூடாது. கரியோ, உரிந்த அலுமினியமோ மரையில் அடைந்திருக்கிறது. திரும்ப உள்ளே போகும் திசையில் ஒரு சுற்று இறக்குங்கள், எண்ணெய் விடுங்கள், ஒரு மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி. 'கிரீச்' என்று காய்ந்த சத்தம் கேட்டால் எண்ணெய் போதவில்லை என்று அர்த்தம். வழியும் எண்ணெயை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் கரி, பயமில்லை. வெள்ளிப் பொடி மினுங்கினால் மரை தேய்கிறது, இன்னும் மெதுவாகப் போங்கள். ஒரு பிளக்குக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனாலும் அது நஷ்டமில்லை.

பீங்கான் உடைந்துவிட்டது. உடம்பு உள்ளேயே நிற்கிறது.

ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். உடைந்த துண்டுகளை வேக்குவம் கிளீனரால் குழியிலிருந்து உறிஞ்சி எடுங்கள். ஆறு மூலை நல்ல நிலையில் இருந்தால் நீளமான சாக்கெட் போட்டு, மேலே சொன்ன அதே பொறுமையோடு கழற்றலாம். பீங்கான் இல்லாததால் சாக்கெட் இன்னும் நன்றாக இறங்கும் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

ஆறு மூலையே முறிந்து, மரைப் பகுதி மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டால் அது வீட்டு வேலை இல்லை. இடப்பக்கமாகத் திருகி இறங்கும் எக்ஸ்ட்ராக்டர் போட்டு எடுக்க வேண்டும். கை பழகியவர் செய்ய வேண்டியது அது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ லேத் வேலையும் ஹெட் வேலையும் சேர்த்துச் செய்கிற இடமாகப் பார்த்து, வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துக் கொண்டுபோங்கள்.

மரை போய்விட்டால் ஹெட்டையே மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. ஹெலிகாயில் போடலாம். பழைய ஓட்டையைக் கொஞ்சம் அகலமாக்கி, புது மரை வெட்டி, அதற்குள் எஃகுச் சுருள் ஒன்றைத் திருகி வைப்பார்கள். பிளக் அந்தச் சுருளின் உள்மரையில் உட்காரும். சுருளுக்குப் பதில் முழுக் குழாய்போல் வரும் எஃகு புஷ்ஷும் உண்டு, பிளக்குக்கு அது இன்னும் உறுதி. ஒழுங்காகப் போட்டால் பழைய அலுமினிய மரையைவிட வலுவாகவே இருக்கும்.

ஹெட்டைக் கழற்றாமலே போட்டுத் தருகிறேன் என்பார்கள். மரை வெட்டும் கருவியான டேப்பில் கிரீஸ் தடவி, சீவலை அதில் ஒட்டவைத்து எடுப்பார்கள். முடியும், செய்கிறார்கள். ஆனாலும் சிலிண்டருக்குள் ஒரு சீவலும் விழவில்லை என்று உறுதியாகச் சொல்ல ஹெட்டைக் கழற்றுவதுதான் வழி. என்னுடையதுக்குக் கழற்றித்தான் போட்டேன், இன்றுவரை அது ஓடுகிறது.

டீசல் காருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதில் இருப்பது ஹீட்டர் பிளக். அது மெல்லியது, இன்னும் எளிதாக முறியும். இறுகியிருந்தால் வீட்டில் தொட வேண்டாம்.

கழற்றிய பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தது. ஸ்பிரே எண்ணெயா?

நீங்கள் விட்ட அளவைவிட அதிகமாக, கறுப்பாக இருந்தால் அது எஞ்சின் ஆயில். டாப்பெட் கவர் பேக்கிங்கோ, பிளக் குழியைச் சுற்றி உள்ள சீலோ கசிகிறது. அதை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றினால் காயிலின் ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். தண்ணீரும் துருவும் இருந்தால் வாட்டர் வாஷில் பானெட்டைத் திறந்து பிரஷரில் அடித்திருக்கிறார்கள். இனி எஞ்சின் மேல் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

புது பிளக்கை எப்படிப் போட்டால் அடுத்த முறை இறுகாது?

உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அதே எண் பிளக்கை வாங்குங்கள். மரை நீளம் மாறினால் மேலே சொன்ன கரித் தொல்லை தொடங்கும். கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள், உள்ளே பீங்கான் கீறியிருந்தால் வெளியே தெரியாது.

பெட்ரோல் ஹோஸ் ஒரு சாண் நீளம் வெட்டி, பிளக்கின் தலையில் மாட்டி, அந்த ஹோஸைப் பிடித்தே சுற்றி இறக்குங்கள். மரை நேராகப் பிடித்தால் பிளக் சுற்றிக்கொண்டே போகும். கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், மரையைக் கெடுக்க விடாது. ஸ்பேனரால் ஆரம்பித்தால் இந்த எச்சரிக்கை உங்களுக்குக் கிடைக்காது.

கையால் முழுக்க இறங்கிய பிறகு, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச். 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30, 12 மி.மீ.க்கு 15 முதல் 20, 10 மி.மீ.க்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். கையேடு வேறு சொன்னால் கையேடுதான் சரி. டார்க் ரென்ச் இல்லை என்றால், வாஷர் உள்ள 14 மி.மீ. மரைப் புதுப் பிளக்கைக் கை இறுக்கத்துக்கு மேல் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம். அதே பிளக்கைத் திரும்பப் போடும்போது வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று போதும், கடிகாரத்தில் ஒரு மணி நேரம் நகரும் அளவு.

மரையில் கிரீஸோ ஆன்டி-சீஸோ தடவலாமா?

சாதாரண கிரீஸ் கூடாது, எரிந்து கரியாகும். மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசையான ஆன்டி-சீஸ் பற்றி, பிளக் செய்யும் என்.ஜி.கே. போன்ற நிறுவனங்கள் தங்கள் பிளக் மரைக்கு ஏற்கெனவே பூச்சு இருப்பதால் வேண்டாம் என்றே சொல்கின்றன. காரணம் எளிது. மரை வழுக்கினால் அதே 25-க்கு இறுக்கினாலும் உண்மையில் அதிகமாக இறுகும். பூச்சு இல்லாத கறுத்த மரை, வீடும் கடலை ஒட்டி என்றால் மட்டும், நுனி மரைகளை விட்டு நடுவில் பொட்டு வைக்கிற அளவு தடவி, முறுக்கும் அளவைக் குறைத்துப் போடுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை கழற்ற வேண்டும்?

சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கி.மீ. வரை தாங்கும். இரிடியம் 1,00,000 கி.மீ. வரைகூடப் போகும். ஆனால் இரிடியம் போட்டுவிட்டுப் பத்து வருடம் தொடாமல் விட்டால் உப்புக் காற்று அதன் வேலையைப் பார்த்துவிடும். நான் வருடத்துக்கு ஒரு முறை, மழை ஓய்ந்த தை மாதத்தில், நல்ல பிளக்காக இருந்தாலும் கழற்றிப் பார்த்துத் திரும்பப் போடுகிறேன். பீங்கான் நுனி இளம் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் எஞ்சின் நலம்.

போட்டு ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வருகிறது. ஏதாவது கெட்டுவிட்டதா?

உள்ளே இறங்கிய ஸ்பிரே எண்ணெய் எரிகிறது. சில நிமிடத்தில் நிற்கும். நிறைய எண்ணெய் விட்டிருந்தால், பிளக் எல்லாம் வெளியே இருக்கும்போதே, காயில் கனெக்டரும் பெட்ரோல் பம்ப் ஃபியூஸும் கழற்றிய நிலையில், பேட்டரி வயரை மாட்டி சில விநாடி ஸ்டார்ட்டரை ஓட்டி வெளியேற்றிவிடுங்கள். முகத்தை ஓட்டைக்கு நேரே வைக்க வேண்டாம்.

ஹெட்டின் மரையில் கரி படிந்திருக்கிறது. டேப் வாங்கித்தான் சுத்தம் செய்ய வேண்டுமா?

டேப் போட்டால் அலுமினியத்தையும் சேர்த்து வெட்டிவிடும். அதே அளவுள்ள பழைய பிளக் ஒன்றை எடுங்கள். ஹாக்ஸா பிளேடால் மரையின் குறுக்கே, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று பள்ளம் அறுங்கள். பிசிறை அரத்தால் தேய்த்து, பள்ளத்தில் கிரீஸ் அடைத்து, கையாலேயே மெதுவாக உள்ளே சுற்றி வெளியே எடுங்கள். கரி அந்தப் பள்ளத்தில் வந்து உட்காரும். துடைத்துவிட்டு மறுபடி. லேத் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்குக் காட்டித் தந்தது இது. அன்று அவர் அறுத்துத் தந்த பிளக்தான், நான்கு பேர் வீட்டுக்குப் போய்த் திரும்பி, இப்போதும் என் டூல் பெட்டியில் இருக்கிறது. வேண்டும் என்றால் நாலாவது ஆளாக இல்லை, ஐந்தாவது ஆளாக வாங்கிப் போகலாம்.